நள்ளிரவு எஃப்.எம். நிகழ்ச்சியை உண்மையில் யாராவது கேட்கிறார்களா? ஆர்.ஜே. வேலையில் அந்த நேரம் கொடுத்தால் ஒப்புக்கொள்ளலாமா?

கேட்கிறார்கள். நீங்கள் அநேகமாக விஸ்காம் முடித்துவிட்டு ஏதோ ஒரு எஃப்.எம்.மில் தேர்வாகி, "முதல்ல நைட் பண்ணுங்க" என்று சொன்னதும் மனசு விட்டுப் போனவராக இருப்பீர்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன். சென்னை நிலையம் ஒன்றில் சில வருடம் ராத்திரி ஷோ செய்தவன். எந்த நிலையம் என்பது வேண்டாம். "யார் கேட்கப்போகிறார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் வந்ததே நம் ஊரில்தான், 1977இல். ஆனால் அந்தக் காலத்து வானொலி ராத்திரி பதினோரு மணி வாக்கில் வணக்கம் சொல்லி முடித்துக்கொள்ளும். வடசென்னை அப்போதும் தூங்கியதில்லை. பெரம்பூரில் பின்னி மில், திருவொற்றியூரில் விம்கோ, எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் லேலண்ட் என்று சுற்றிலும் ஷிப்ட் வேலை. மாதவரத்தில் பால் பண்ணை. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம். அந்தப் பக்கத்து உழைப்பாளிகளுக்கு ராத்திரியில் துணைக்கு ஒரு குரல் கிடைத்தது 2003இல் சூரியன், மிர்ச்சி என்று தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்த பிறகுதான். 2006இல் இன்னும் சில நிலையங்கள் சேர்ந்தன. இப்படி ராத்திரி உழைப்பாளிகளுக்காகப் பேசுவது உலகத்தில் புதிதும் இல்லை. நியூயார்க்கில் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. நிலையம் 1935லேயே விடிய விடிய ஒரு இசை நிகழ்ச்சி ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயரே பால்காரரைச் சொல்லும் பெயர்.

எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து. ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். ஒரு தடவை நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர் பாட்டு கேட்கக் கூப்பிட்டார். "எங்கண்ணே நிக்கிறீங்க?" என்றேன். "எர்ணாவூர்ல தம்பி. ரெண்டு மணி நேரமா ஒரு வண்டியும் நகரல. தூங்கினா வரிசை போயிடும், தூங்காம இருக்கவும் முடியல." அதை அப்படியே ஒலிபரப்பில் சொன்னேன். பத்து நிமிடத்தில் காசிமேட்டுப் பக்கமிருந்து இன்னொருவர்: "ஹார்பர் கேட்ல கம்ப்யூட்டர் நின்னு போச்சாம், விடியற வரைக்கும் எடுக்க மாட்டாங்க, பின்னாடி இருக்கறவங்கள தூங்கச் சொல்லுங்க." சொன்னேன். அப்புறம் எர்ணாவூர்க்காரர் திரும்பக் கூப்பிட்டு, "கிளீனரை முழிச்சிருக்க வச்சிட்டு நான் படுக்கறேன் தம்பி, நன்றி" என்றார். பாட்டு எதையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வரிசை எதுவரை நிற்கிறது என்று மணிக்கொரு தடவை கேட்டுச் சொல்வதையே வழக்கமாக வைத்துக்கொண்டேன்.

(அந்த ரோட்டில் அத்தனை வண்டி நிற்கிறதே, டிரைவர்கள் ஒதுங்க நான் பார்த்த வரைக்கும் ஒரு கழிப்பறை கிடையாது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஊருக்கே சாமான் கொண்டு வருகிறவர்கள். ஒரு நாள் கப்பல் தாமதமானால் பேப்பரில் வருகிறது, இவர்கள் பாடு எதிலும் வருவதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.)

சரி, அந்த ஷோ என்ன ஆனது? ராத்திரியில் விளம்பரம் குறைவு. 2010இல் பதிப்புரிமை (காப்பிரைட்) வாரியம், எஃப்.எம். நிலையங்கள் இசை நிறுவனங்களுக்கு விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் கொடுத்தால் போதும் என்று உத்தரவிட்டது. ஆக, ராத்திரி முழுக்கப் பாட்டு ஓட்டினாலும் அதற்கென்று தனிச் செலவு அப்போது இருக்கவில்லை. மீதி இருந்த செலவு ஆள்தான். எங்கள் நிலையத்திலும் ஆளை எடுத்துவிட்டு, பகலிலேயே லிங்க் (பாட்டுகளுக்கு நடுவில் பேசும் பேச்சு) பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைக்கச் சொன்னார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டுடியோவில் உட்கார்ந்து "இப்போ மணி ரெண்டு, முழிச்சிட்டிருக்கீங்களா?" என்று சொல்ல வேண்டும். நாலு மணி நேர ஷோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். போன் லைனை மூடிவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை என்று மேலே சொன்னேன். "டைம் வேஸ்ட்" என்றார்கள்.

அந்த வருட மழையில் ஒரு ராத்திரி வியாசர்பாடி கணேசபுரம் சப்வே முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு. வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் என் குரல், "என்ன அருமையான காத்து, மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க" என்கிறது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "ஏம்பா, நேத்து நீ இங்கதானே இருந்தே? அப்போ அங்க பேசினது யாரு?" அந்த மாதமே வேலையை விட்டேன்.

இப்போது சிலர் வந்து, எல்லோரும் மொபைலில் பாட்டு கேட்கும் காலத்தில் இது பழைய பேச்சு என்பார்கள். பாட்டுக்காக மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். மேப்பைத் திறந்தால் ரோடு சிவப்பாக இருப்பது தெரியும். ஏன் நிற்கிறது, எப்போது எடுப்பார்கள், படுக்கலாமா கூடாதா என்பதை அந்த வரிசையில் நிற்கும் இன்னொரு ஆள்தான் சொல்ல முடியும். அவர் சொல்வதை மற்றவர்களுக்குக் கொண்டுபோக ஸ்டுடியோவில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்று: எங்கள் பக்கத்துப் பேச்சு உள்ள ஆளுக்குக் காலை ஷோ கொடுத்து நான் பார்த்ததில்லை. காலையில் எங்கள் பேச்சு மிமிக்ரிக்கு மட்டும்தான் வரும். நான் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுவதற்கு ராத்திரியில்தான் விட்டார்கள்.

அதனால் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஷோ லைவா, ராத்திரி போன் லைன் திறந்திருக்குமா? "ரெக்கார்டட்தான்" என்றால் பகல் நேரமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.