பாட்டு எப்ப தொடங்கும் எண்டு கேட்டது குற்றமா அக்கா?

கேள்வி: அக்கா, கலியாணம் கட்டி 11 வருசம், மொன்றியல்ல பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் இருக்கிறம். என்ர மனுசனுக்கு ஜாஸ் எண்டால் விசர். போன வருசம் ஜாஸ் ஃபெஸ்டிவலுக்கு ரிக்கெற் எடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனவர். ரெண்டு மணித்தியாலம், மேடையில நிண்ட அஞ்சு பேரும் தங்கட தங்கட பாட்டில வாசிச்சினம். நான் மெல்லமாத்தான் "பாட்டு எப்ப தொடங்கும்?" எண்டு கேட்டனான், முன்னுக்கு இருந்தவை திரும்பிப் பாத்திட்டினம், பேந்து நான் ஃபோனை எடுத்து வச்சுப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். வீடு வந்து சேருமட்டும் மனுசன் ஒரு வார்த்தை கதைக்கேல்ல. இந்த வருசமும் போவம் எண்டு கேக்கிறார். தலையிடி எண்டு சொல்லிப்போட்டு நிண்டிடவோ?
– பெயர் வேண்டாம், மொன்றியல்

பதில்: தங்கச்சி, தலையிடி எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அது ஒருக்காத்தான் எடுபடும், அடுத்த வருசத்துக்கு வேற வருத்தம் தேடவேணும். போங்கோ. ஆனா போன வருசம் போன மாதிரிப் போகாதேங்கோ.

முதல்ல உங்கட மனுசன்ர பிழையைச் சொல்லுறன், அவரும் இதை வாசிச்சால் வாசிக்கட்டும். ஜாஸே கேட்டுப் பழகாத ஒராளை நேரா மண்டபத்துக்குள்ள கொண்டுபோய் நடுவரிசைக் கதிரையில எழும்பவும் ஏலாம இருத்தினது, பிள்ளைக்கு முதன்முதல் சோறு தீத்தேக்க நண்டுக்கறியோட தீத்தின மாதிரி. அந்த ஃபெஸ்டிவல்ல மூண்டில ரெண்டு பங்கு கச்சேரி வெளியிலதான், காசில்லாமல், றோட்டை மூடிப்போட்டு நடக்கும். 1980இல ரே சார்ல்ஸைக் கூப்பிட்டுத் தொடங்கினது, 2004இல உலகத்திலயே பெரிய ஜாஸ் விழா எண்டு கின்னஸ்ல ஏறினது, அதெல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத் தேவையானது ஒண்டுதான், வெளியில நிண்டு கேக்கேக்க பிடிக்காட்டி அடுத்த மேடைக்கு நடக்கலாம், ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம்.

இனி உங்கட கேள்விக்கு வாறன். பாட்டு தொடங்கினதுதான் தங்கச்சி, நீங்கள் கைப்பையை மடியில வச்சு வசதியா இருக்கிறதுக்கிடையில முடிஞ்சும் போச்சு. முதல்ல எல்லாருமாச் சேந்து ஒரு மெட்டு வாசிப்பினம், ஒரு நிமிசம் வந்தால் பெரிசு, அதுதான் பாட்டு. பேந்து அந்த மெட்டின்ர அடித்தளம் திரும்பத் திரும்பச் சுத்திக்கொண்டிருக்க ஒவ்வொருத்தரா அதுக்கு மேல அந்த இடத்திலயே கற்பனையில வாசிப்பினம், கடைசியா எல்லாரும் திரும்பி வந்து அதே மெட்டை வாசிச்சு முடிப்பினம். அதால முதல் நிமிசம் காதைக் குடுத்து மெட்டைப் பிடிச்சு வாய்க்குள்ள முணுமுணுத்துக்கொண்டு இருங்கோ, சக்ஸபோன்காரர் எங்க அலைஞ்சாலும் நீங்கள் துலையமாட்டியள். துலைஞ்சிட்டீங்கள் எண்டால் பெரிய வயலின் மாதிரி ஒண்டை நிமித்தி வச்சு விரலால சுண்டிக்கொண்டு ஒராள் நிப்பார், அந்த பேஸ் வாசிக்கிறவரைப் பிடியுங்கோ, அவர் வழி காட்டுவார்.

இது எங்களுக்குப் புதுசும் இல்லை. ஊர்த் திருவிழாவில நாலு கூட்டம் மேளம் பிடிச்சு, சாமி வீதியில நிக்க, மேளச்சமா விடியவிடிய நடக்கும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின்ர தவிலுக்கு மண்ணில இருந்து எழும்பாமல் கிடந்த கதையை எங்கட அப்பா ஒரு நூறு தரம் சொல்லியிருப்பார். அங்க ஆர் பாட்டு எப்ப தொடங்கும் எண்டு கேட்டவை? ரெண்டு தவில்காரர் ஒராள் அடிச்சதை மற்றாள் வாங்கித் திருப்பிக் குடுக்கிற மாதிரித்தான், சக்ஸபோனும் ட்ரம்ஸும் நாலு நாலு ஆவர்த்தனமா மாறிமாறி வாசிக்கிறது. ஒராள் தனிய வாசிச்சு முடிக்க நடுவிலயே கை தட்டலாம், தட்டவேணும், அது மரியாதை.

போறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் சமைக்கேக்க, ஜாஸையும் எங்கட சங்கீதத்தையும் கலந்து வாசிச்ச சக்தி குழுவின்ர பழைய இசையைப் போட்டு விடுங்கோ. அதில ஜோன் மக்லாஃப்ளின்ர கிற்றாரோட வயலின் வாசிச்ச எல். சங்கர் சின்னனில யாழ்ப்பாணத்தில வளந்தவர், தகப்பன் அங்க சங்கீதம் படிப்பிச்சவர், 58 கலவரத்தோட வெளிக்கிட்டுப் போன குடும்பம். காது கொஞ்சம் இளகும்.

அந்த நாள் வீட்டில சமைக்காதேங்கோ. பிள்ளையள் இருந்தால் ஆரிட்டையும் விட்டிட்டு பின்னேரம் ஆறு மணிக்கே போங்கோ, ஜூன் கடைசியில ஒம்பது மணி மட்டும் வெளிச்சம் இருக்கும். மெற்றோவில ஜோன் தலோன்ல மாறி, பெரி யூகாம்ல பச்சை லைன் எடுத்து, பிளாஸ் தே ஆர்ட்ஸ் மட்டும் போகாமல் ஒரு ஸ்ரேஷனுக்கு முன்னம் சென் லோரன்ல இறங்கி நடவுங்கோ, சன நெரிசல் குறைவு. குதிச்சப்பாத்து வேண்டாம். அவர் சொல்லுற மேடையில அரை மணித்தியாலம், நீங்கள் சொல்லுற இடத்தில அரை மணித்தியாலம், அது ஐஸ்கிரீம் கடையா இருந்தாலும் அவர் முகத்தைச் சுழிக்கப்படாது.

உங்கட பிழையும் ஒண்டு இருக்கு. பாட்டு எப்ப தொடங்கும் எண்டு கேட்டது இல்லை, அது நல்ல கேள்வி. அந்த ஃபோன்தான். ஒராள் தனக்கு உயிரான ஒண்டைக் காட்டேக்க பக்கத்தில இருந்து வாட்ஸப் பாத்தால் அது நோகும், நீங்கள் ஆசையாச் சமைச்சு வைக்க அவர் ஃபோனைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டால் உங்களுக்கு எப்பிடி இருக்கும்? மெற்றோவில போகேக்க அவரிட்ட ஒஸ்கார் பீற்றர்சன் ஆர் எண்டு கேளுங்கோ. 1925இல உங்கட மொன்றியல்லதான் பிறந்த ஜாஸ் பியானோக்காரர், தகப்பன் கரீபியன் தீவில இருந்து வந்து ரயில்ல போர்ட்டர் வேலை செய்தவர், பியானோ பழக்கினது அக்கா டெய்சி. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் எண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ, அவர் சொல்லட்டும், சென் லோரன் வருமட்டும் வாய் மூடமாட்டார்.

மற்றது, கைப்பைக்க ரெண்டு ரைலனோல் வையுங்கோ. ட்ரம்ஸுக்குக் கிட்ட நிண்டால் தலையிடி உண்மையாவே வரும்.