பெரம்பலூர் மாவட்டம் காரையில் களிமண்ணுக்குள் ஜிப்சம் எப்படி வந்தது? எப்படித் தேடுவார்கள்?

கடல்நீர் வற்றிப் படுகை படுகையாகப் படிந்த ஜிப்சம்தான் உலகில் அதிகம். காரையில் கதை வேறு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் சேறுதான் இன்றைய களிப்பாறை. அதிலிருந்த பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து கந்தக அமிலமாகி, சிப்பிகளின் சுண்ணாம்போடு சேர்ந்து விரிசல்களில் ஜிப்சமாக உறைந்தது என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பட்டு நூலை அடுக்கியதுபோல் இழையிழையாக மின்னும், நகத்தால் கீறினாலே கோடு விழும்.

விரிசல்களில் உறைந்த இந்த ஜிப்சம் நரம்புகள் மெல்லியவை, தாறுமாறாக ஓடுபவை. ஆகவே நாலைந்து ஆழ்துளைகளை நம்பி இருப்பைக் கணக்கிடுவது தவறு. குழியும் அகழியும் வெட்டி, ஒரு கனமீட்டர் மண்ணில் எத்தனை கிலோ தேறுகிறது என்று பிரித்து எடைபோட வேண்டும்.