94 கிலோ எடையுள்ளவர் ட்ரையத்லானில் இறங்கலாமா? உடல்வாகு எவ்வளவு முக்கியம்?

கேள்வி கேட்டவர் தன்னைப் பற்றிச் சொல்லியிருப்பது இவ்வளவு: வயது 34, உயரம் ஐந்தடி பத்து அங்குலம், எடை 94 கிலோ. நீந்தத் தெரியும், சைக்கிள் ஓட்டுவார், ஓடினால் முழங்கால் வலிக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் அவரைப் பார்த்து ‘எண்டோமார்ஃப்’ (பருத்த) உடம்பு என்று சொல்லி, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய ட்ரையத்லான் ஒல்லியானவர்களுக்கானது என்று மனத்தைக் கலைத்திருக்கிறார்கள்.

தாராளமாக இறங்கலாம். முதல் போட்டியின் கோட்டில் நின்றபோது என் எடை 92 கிலோ. ஏழு வருடங்களாக இதில் இருக்கிறேன், இன்றுவரை 86க்குக் கீழே போனதில்லை. ஆரம்பத்தில் ஒரு பயிற்சியாளர் என்னிடமும் “பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்” என்றார். அதை நம்பி ஒரு முழு வருடத்தைத் தொலைத்தேன். உங்களுக்கும் அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த எண்டோமார்ஃப் முத்திரையை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். எக்டோமார்ஃப் (ஒல்லி), மீசோமார்ஃப் (தசைக்கட்டு), எண்டோமார்ஃப் (பருமன்) என்ற பிரிவுகளை 1940களில் முன்வைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். உடம்பின் அமைப்பைப் பார்த்து மனிதனின் குணத்தையே சொல்லிவிடலாம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை அறிவியல் எப்போதோ ஒதுக்கிவிட்டது, பெயர்கள் மட்டும் உடற்பயிற்சிக் கூடங்களில் தங்கிவிட்டன. ட்ரையத்லானுக்கு உங்கள் எடை, உயரம், கை கால்களின் நீளம், எவ்வளவு வியர்க்கிறது, எலும்பும் தசைநாரும் எவ்வளவு தாங்கும் என்பவை தெரிந்தால் போதும். இவற்றை அளந்து பார்க்கலாம், எழுதி வைக்கலாம். அந்த மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கான பயிற்சிக்குக்கூடத் திட்டம் போட முடியாது.

முன்னணி வீரர்களிலேயே ஒரே அச்சில் வார்த்த உடம்பு கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, பிறகு ஹவாயில் மூன்று முறை அயர்ன்மேன் என்ற நெடுந்தூர ட்ரையத்லானின் உலகச் சாம்பியன் ஆன ஜெர்மனியின் யான் ஃப்ரோடேனோ 1.94 மீட்டர் உயரம். டோக்கியோவில் தங்கம் வென்ற நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மன்ஃபெல்ட் அவரைவிட ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் குட்டை. பீப்பாய் போன்ற மார்பு, திரண்ட தொடைகள். தெருவில் பார்த்தால் நெடுந்தூர ஓட்டக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2021 ஜூலையில் நடந்த அந்தப் போட்டியின் கடைசிச் சுற்றில் அவர் பின்னுக்குத் தள்ளியவர்களில் ஒருவர் பிரிட்டனின் அலெக்ஸ் யீ. மெலிந்த உடம்பு, பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் தன் நாட்டின் சாம்பியனாக இருந்தவர். மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் அதே யீ தங்கம் வென்றார். இரண்டு உடம்புகளுக்கும் வாசல் திறந்துதான் இருந்தது.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. ஒலிம்பிக் போட்டியில் சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகலாம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார், பின்னால் வருபவருக்குப் பாரம் வெகுவாகக் குறையும். அதனால் பெரும்பாலும் கடைசி 10 கி.மீ. ஓட்டம்தான் பதக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஓட்டம் தீர்மானிக்கும் இடத்தில் எடை குறைந்தவருக்கு அனுகூலம் அதிகம். நம்மைப் போன்றவர்கள் கலந்துகொள்ளும் நெடுந்தூரப் போட்டிகளில் அப்படி ஒட்டிப் போகத் தடை உண்டு. அவரவர் காற்றை அவரவரே கிழிக்க வேண்டும். அங்கே கணக்கு மாறுகிறது. தொலைக்காட்சியில் பார்த்த ஒலிம்பிக் உடம்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு 90 கி.மீ. தனியாக மிதிக்கப்போகிறவரை எடை போடுவது பெரிய தவறு.

என் பயிற்சித் தோழர் ஒருவர் 58 கிலோ. ஈ.சி.ஆர். சாலையில் விடியற்காலையில் மாமல்லபுரம் பக்கம் போவோம். சமதளத்தில், அதுவும் எதிர்காற்று வீசும் நாளில், நான் முன்னால் போனால் அவர் என் பின்சக்கரத்தை விட்டு விலகவே மாட்டார். விலகினால் பத்தே நிமிடத்தில் பின்தங்கிவிடுவார். என் எடை அவருடையதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் குனிந்து உட்கார்ந்தால் காற்றுக்கு நான் காட்டும் பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. தொடைத் தசையிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் வாட் (மிதிக்கும் வலிமையின் அளவு) எல்லாம் வேகமாக மாறுகிறது. அதே நாங்கள் ஏலகிரிக்குப் போனால் கதை தலைகீழ். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதைத் தாண்டுவதற்குள் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். மேட்டில் காற்று பெரிய எதிரி இல்லை, புவியீர்ப்பு ஒவ்வொரு கிலோவுக்கும் கூலி கேட்கிறது. இதனால் உங்களுக்குக் கிடைக்கும் முதல் பாடம்: பாதை தட்டையாக இருக்கும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

நீச்சலில் உங்கள் உடம்பு உங்களுக்குத் துணை. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். என் தோழருக்குத் தண்ணீரில் கால்கள் கீழே இறங்கிவிடும், அந்தக் கால்களை இழுத்துக்கொண்டேதான் அவர் முன்னேற வேண்டும். குளிர்ந்த ஏரிகளில் நடக்கும் ஐரோப்பியப் போட்டிகளில் வெட்சூட் (குளிரைத் தாங்கி, மிதக்கவும் உதவும் ரப்பர் உடை) அந்தக் குறையை மறைத்துவிடும். நம் கடலில் அதற்கு இடமில்லை. அயர்ன்மேன் விதிப்படி தண்ணீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெட்சூட் அணிந்து நீந்துபவருக்குப் பரிசு கிடையாது, நம் கடல் அதைவிடச் சூடு. ஆகவே மிதக்கும் உடம்பு இங்கே இயற்கை தந்த மூலதனம். தோள்பட்டை இறுகியிருந்தால் மட்டும் கவனியுங்கள். பளு தூக்கி மார்பை வளர்த்தவர்களுக்குக் கையைத் தலைக்கு மேல் முழுதாக நீட்ட வராது, அவர்கள் வேகம் அங்கேதான் போகிறது.

ஓட்டத்தில்தான் நமக்குச் சோதனை. தட்டைச் சாலையில் ஒரு கி.மீ. ஓட, ஒரு கிலோ எடைக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 21.1 கி.மீ. ஓட்டத்துக்கு என் தோழருக்கு ஏறத்தாழ 1,220, எனக்கு 92 கிலோவில் 1,940. அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது, அது தோல் வழியே வெளியேற வேண்டும். என் எடை அவரைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம், தோலின் பரப்போ கால் பங்குக்குச் சற்று மேல்தான் அதிகம். அடுப்பு பெரிதாகிவிட்டது, புகைபோக்கி அந்த அளவுக்குப் பெரிதாகவில்லை. புழுக்கமான நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதை எண்களில் படிப்பது வேறு, அனுபவிப்பது வேறு. கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 (முழு அயர்ன்மேனில் பாதித் தூரம்) போட்டியில் சைக்கிளை என் தோழருக்கு முன்பாகவே முடித்துவிட்டு ஓடத் தொடங்கினேன். பதினோராவது கி.மீ. வாக்கில் காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டது. கையில் மயிர்க்கால்கள் சிலிர்த்து நின்றன. அந்த வெயிலில் குளிர்வது போன்ற உணர்வு அபாய அறிகுறி என்று தெரிந்திருந்ததால் உடனே நடக்கத் தொடங்கினேன். அடுத்த தண்ணீர்ப் பந்தலில் தொப்பிக்குள் ஐஸ் கட்டிகளை அள்ளிப் போட்டு, இரண்டு கைப்பிடியைச் சட்டையின் முதுகுப் பக்கம் திணித்துக்கொண்டேன். தோழர் என்னைக் கடந்து போனார், போகிற போக்கில் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மீதியை ஓடியும் நடந்தும் முடித்தேன். அன்று வேகத்தைப் பிடித்துத் தொங்கியிருந்தால் மருத்துவக் கூடாரத்தில்தான் முடிந்திருக்கும். உங்களுக்கும் இதையே சொல்வேன். வெயிலில் உங்கள் ஓட்ட வேகத்தைக் கைக்கடிகாரம் தீர்மானிக்கக் கூடாது, உடம்பின் சூடுதான் தீர்மானிக்க வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஓடுவதற்கு முன் ஆடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, துடைத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மே மாதக் காலையில் எனக்கு 1.6 லிட்டர் போகிறது, தோழருக்கு ஒரு லிட்டர்கூட இல்லை. அவருடைய பாட்டில் கணக்கு எனக்கு எப்படிப் பொருந்தும்? ஆனால் சாப்பாட்டில் இந்த விகிதம் செல்லாது. குடல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சும் மாவுச்சத்து எடையைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. அவருக்கும் எனக்கும் அதே 60 முதல் 90 கிராம்தான். பெரிய உடம்பு என்று மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டுகளை அடுக்கினால் வயிறு புரட்டும். அதிகம் செலவழிக்கிறோம், வரவு மட்டும் ஒன்றுதான். எனவே தொடக்கத்தில் நிதானம் நமக்குக் கட்டாயம்.

இப்போது உங்கள் முழங்கால் வலிக்கு வருகிறேன். முதல் வருடம் நான் செய்த பெரிய பிழை, தோழரின் ஓட்டப் பயிற்சியை அப்படியே பின்பற்றியது. வாரம் ஐந்து நாள், 50 கி.மீ. எட்டாவது வாரம் கெண்டைக்காலின் முன்பக்க எலும்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம், விரலால் தொட்டால் உயிர் போகும். ஸ்கேனில் அழுத்த முறிவு, அதாவது தொடர்ந்து விழும் அடியால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல், என்று வந்தது. மூன்று மாதம் ஓட்டம் இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும், எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில்தான் தேறும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காகத் தூரத்தைக் கூட்டியதுதான் என்னைக் கவிழ்த்தது.

பிறகு முறையை மாற்றினேன். ஓட்டம் வாரம் நான்கு முறை, ஒவ்வொன்றும் குறைந்த தூரம், ஒன்பது நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடை. நெஞ்சுக்கு வேண்டிய உழைப்பைச் சைக்கிளில் வாங்கிக்கொள்கிறேன், அங்கே எலும்புக்கு அடி இல்லை. வாரம் இரண்டு நாள் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவதும், படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதும். தொடை உரசும் இடத்தில் வாஸ்லின் தடவாமல் ஓடவே மாட்டேன். இது சின்ன விஷயமாகத் தெரியும், பதினைந்தாவது கி.மீ.யில் தெரியாது.

ஒல்லியானவர்களுக்கு எல்லாம் எளிது என்று நினைக்காதீர்கள். எங்கள் குழுவில் ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்மணி இருக்கிறார். கடையில் விற்ற ‘சிறிய’ அளவுச் சைக்கிளே அவருக்குப் பெரியது, கை நீட்டி நீட்டிக் கழுத்து வலி. கிராங்க் (பெடலைத் தாங்கும் கம்பி) நீளத்தைக் குறைத்த பிறகுதான் இடுப்பு ஆடாமல் மிதிக்க முடிந்தது. பக்கக் காற்றடித்தால் உயரமான விளிம்புள்ள சக்கரம் அவரைச் சாலையின் மறுபக்கத்துக்கே தள்ளிவிடும். இன்னும் இளைத்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, உணவைக் குறைத்து, மாதவிடாயே நின்றுபோனது. அதற்கு மருத்துவப் பெயரே உண்டு, எலும்பைத் தேய்த்து முறிவில் கொண்டுபோய் விடும் நிலை அது. அவருக்குத் தேவைப்பட்டது கூடுதல் சோறும் பருப்பும் முட்டையும்தான். குட்டையான உடம்பு என்ன செய்யும் என்று அவர் கேட்டபோதெல்லாம் ஆஸ்திரேலியாவின் மிரிண்டா கார்ஃப்ரேயைப் பற்றிச் சொல்வேன். ஐந்தடி மூன்று அங்குலம்தான் அவர் உயரம். 2014 ஹவாய் உலகச் சாம்பியன் போட்டியில் சைக்கிளை முடித்தபோது முதலிடத்தில் இருந்தவரைவிட 14 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்து, மாரத்தானில் எல்லோரையும் கடந்து வென்றார்.

எடையைக் குறைக்கவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நமக்குத் தோள் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்புச் சேரும் வாகு உண்டு. ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் சொன்னதும் அதனால்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வயிறு குறைந்தால், முழங்கையை ஊன்றி ஓட்டுவதற்கான ஏரோ பாரில் குனியும்போது தொடை வயிற்றில் இடிக்காது, மூச்சு சீராக வரும். ஆனால் மாதம் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க முயலாதீர்கள், போட்டிக்கு முந்தைய ஆறு வாரங்களில் குறைக்கவே வேண்டாம். எனக்கு 92லிருந்து 86 வர இரண்டு வருடம் பிடித்தது. அதில் சைக்கிள் வலிமை ஒரு வாட்கூடக் குறையவில்லை, அதுதான் எனக்கு முக்கியம்.

முதல் போட்டிக்கு ஸ்பிரிண்ட் தூரம் எடுத்துக்கொள்ளுங்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். தட்டைப் பாதை, டிசம்பர் அல்லது ஜனவரி. முழங்கால் வலி எந்த இடத்தில் வருகிறது, ஓடும்போதா ஓடி முடித்த பிறகா என்று சொல்லவில்லையே. அதையும், ஒரு மணி நேர வியர்வைக் கணக்கையும் கீழே எழுதுங்கள். முதல் எட்டு வாரத்துக்கான ஓட்டத் தூரத்தைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.