மெசினில் 210, கைக்கடிகாரத்தில் 265: எதை நம்புவது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 43, நிறை 78 கிலோ, உயரம் 157 சென்ரிமீற்றர். வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் வீட்டுக்கு ஒரு ட்ரெட்மில்லும் பிறகு ஒரு சைக்கிள் மெசினும் வாங்கியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகுமுன் அரை மணி நேரம், மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில், கிழமைக்கு ஐந்து நாள் நடக்கிறார். அவருடைய கேள்வி இது: "ஒரே நடைக்கு மெசின் 210 கலோரி என்கிறது, ஸ்மார்ட் வாட்ச் 265 என்கிறது, போனில் உள்ள செயலி 150 என்கிறது. எதை நம்புவது? எரித்த அளவுக்கு மேலதிகமாகச் சாப்பிடலாம் என்று செயலி சொல்கிறது, நானும் அப்படித்தான் செய்கிறேன். நிறை குறையவே இல்லை. நெஞ்சில் கட்டும் பட்டி வாங்கினால் சரியான கணக்கு வருமா?"

மூன்றில் செயலி சொல்வதுதான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. ஆனால் அதையும் அப்படியே சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது. உங்கள் அரை மணி நேர நடைக்கு உடல் மேலதிகமாகச் செலவழிப்பது ஏறத்தாழ 100 கலோரிதான். கேட்க ஏமாற்றமாக இருக்கும். நிறை ஏன் அசையவில்லை என்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது.

இந்த 100ஐ நீங்களே கணக்கிடலாம். சமதரையில் சாதாரண வேகத்தில் நடக்கும்போது, ஒரு கிலோ நிறையை ஒரு கிலோமீற்றர் தூரம் கொண்டுபோக உடலுக்கு ஏறத்தாழ அரைக் கலோரி தேவைப்படுகிறது. நடைக்கு எவ்வளவு ஒட்சிசன் தேவை என்று சொல்லும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாட்டைச் சுருக்கினால் கிடைக்கும் கணக்கு இது. உங்கள் நிறையில் பாதி 39. அரை மணியில் நடக்கும் தூரம் 2.5 கிலோமீற்றர். பெருக்கினால் 97.5. நடக்காமல் ஓடினால் அரைக் கலோரிக்குப் பதில் ஒரு கலோரி, அதாவது அதே தூரத்துக்கு 195.

அப்படியானால் செயலி ஏன் அதைவிடக் கூட்டி 150 என்கிறது? ஒரு காரணம் இது. சும்மா கதிரையில் இருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் உடல் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் வயது, உயரம், நிறைக்கு அந்த அடிப்படைச் செலவு நாளொன்றுக்கு 1,385 கலோரி அளவில் வரும். அரை மணிக்கு 30 அளவு. பல செயலிகளும் மெசின்களும் அதையும் நடையின் கணக்கில் சேர்த்தே காட்டுகின்றன. ஆனால் நாள் முழுவதற்குமான உணவு அளவைச் செயலி போடும்போது அந்த 30ஐ ஏற்கெனவே எண்ணிவிட்டது. பிறகு நடைக்காக இன்னொரு முறை தந்தால், ஒரே காசை இரண்டு தரம் வரவு வைத்த மாதிரி. கடிகாரத்தில் 'மொத்தம்', 'செயற்பாடு' என்று இரண்டு எண்கள் இருந்தால் செயற்பாட்டு எண்ணை மட்டும் பாருங்கள்.

இனிக் கடிகாரம். தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியிலிருந்து அது துடிப்பை எண்ணுகிறது. துடிப்பிலிருந்து கலோரிக்குப் போவது ஊகம். 2017 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைக்கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஆறு கருவிகளில் துடிப்பின் பிழை 5 வீதத்துக்குள் நின்றது. கலோரியிலோ மிகத் திறமான கருவியே சராசரியாக 27 வீதம் பிழைத்தது. மிக மோசமானது 93 வீதம். கருமையான தோலுக்கும் பருமனான உடலுக்கும் பிழை கூடியது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. நம்மில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

அதற்கு மேல் நம்முடைய வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையோ சீற்றுக் கூரையோ போட்ட அறைக்குள் விடியவே புழுக்கம் தொடங்கிவிடும். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்தில் நடந்தாலும் இதயம் கூடுதலாகத் துடிக்கும். கால் செய்த வேலை கூடவில்லை, துடிப்பு மட்டுமே கூடியது. கடிகாரத்துக்கு அது தெரியாது. துடிப்பைப் பார்த்துக் கலோரியை ஏற்றிவிடும். மாரி மழைக்கால விடியலில் அதே நடைக்குக் குறைந்த எண் வந்தால் நீங்கள் சோம்பியதாக எண்ண வேண்டாம். வியர்வையும் அப்படித்தான். நடந்து முடிந்ததும் தராசில் குறைந்திருப்பது தண்ணீர், குடித்ததும் திரும்பி வரும். பிளாஸ்திக் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இந்தச் சூட்டில் அது ஆபத்து. மின்விசிறியைப் போட்டு, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடவுங்கள்.

ட்ரெட்மில்லின் எண்ணைத் திருத்த ஒரு வழி உண்டு. முதலில் அது உங்கள் நிறையைக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் யாரோ ஒருவருடைய நிறையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அடுத்து வேகத்தைச் சோதியுங்கள். பெல்டின் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளை ரேப் ஒட்டி, மெசின் நிற்கும்போது பெல்டைக் கையால் சுற்றி அதன் முழு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 2.6 மீற்றர் என்று வைப்போம். நீங்கள் 5இல் நடக்கும்போது வீட்டில் இன்னொருவர் அந்த ரேப் 20 தரம் சுற்றி வர எத்தனை செக்கன் எடுக்கிறது என்று போனில் பார்க்கட்டும். 20 சுற்றுக்கு 52 மீற்றர். உண்மையான 5 கிலோமீற்றர் வேகமென்றால் 37 செக்கன் அளவில் முடிய வேண்டும். 43 செக்கன் எடுத்தால் உங்கள் வேகம் 4.35தான், அரை மணித் தூரம் 2.2 கிலோமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. ஆள் ஏறி நடக்கும்போதே சோதிக்க வேண்டும். தளர்ந்த பெல்ட் வெறுமையாகச் சுற்றும்போது நன்றாகத்தான் ஓடும், பாரம் ஏறினால்தான் வழுக்கும்.

கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்களா? பாரத்தில் ஒரு பங்கைக் கை சுமந்துவிடுவதால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. தடுமாறினால் தொட்டுக்கொள்ளலாம், தொங்க வேண்டாம்.

கலோரி கூட வேண்டுமென்றால் வேகத்தைவிட ஏற்றம் நல்ல வழி. 5 வீத ஏற்றத்தில் அதே 5 கிலோமீற்றர் வேகத்தில் நடந்தால் மேலதிகச் செலவு 98இலிருந்து ஏறத்தாழ 185 ஆகிறது. ஓடத் தேவையில்லை, முழங்காலில் அடியும் விழாது. ஆனால் கையால் உயர்த்தும் ஏற்றம் என்றால் மெசினுக்கே அது தெரியாமல் இருக்கலாம். கட்டையின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து, நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 120 சென்ரிமீற்றர் நீளத்துக்கு 6 சென்ரிமீற்றர் உயர்ந்தால் அது 5 வீதம். 1, 2 என்று தொடங்கி, பேச முடிகிற மூச்சு இருக்கும்வரை கிழமைக்குக் கிழமை கூட்டுங்கள்.

சைக்கிள் மெசினுக்கு வேறு கணக்கு. அதில் உங்கள் நிறையைச் சீற் தாங்குகிறது, ஆகவே மிதிக்கும் சக்திதான் முக்கியம். திரையில் வாட் காட்டினால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: வாட்டை நிமிடத்தால் பெருக்கி 0.06ஆல் பெருக்குங்கள். 60 வாட்டில் 30 நிமிடம் என்றால் 108. அது நீங்கள் செய்த வேலையின் கிலோஜூல். ஒரு கலோரி என்பது நாலு கிலோஜூலுக்குச் சற்று மேல். மனிதத் தசை, செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே மிதியில் சேர்ப்பதால், அந்தக் கிலோஜூல் எண்ணே ஏறத்தாழ நீங்கள் எரித்த கலோரி எண்ணாகவும் அமைந்துவிடுகிறது. வாட் காட்டாத மலிவு மெசினென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டு இறுக்கும் திருகை 2இலிருந்து 6க்குத் திருப்புங்கள். கால் தவிக்கிறது, கலோரி ஏறும் வேகம் மட்டும் மாறவில்லை என்றால், அந்தத் திரை சில்லுச் சுற்றை மட்டும்தான் எண்ணுகிறது. அதில் நிமிடத்தையும் இறுக்கத்தின் இலக்கத்தையும் எழுதிவைத்தால் போதும், கலோரியைப் பார்க்கவே தேவையில்லை. டம்பெல்லுக்கும் அதுவே: எத்தனை கிலோ, எத்தனை தரம்.

இப்போது சாப்பாடு. முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்கு 500 கலோரி அளவு இருக்கிறது. 10 கிராம் மாவும் மூன்று தேக்கரண்டி சீனியும் போட்ட ஒரு பால் தேத்தண்ணி உங்கள் முழு நடையையும் குடித்துவிடுகிறது. அதே 100 கலோரிக்குக் கச்சான் கடலை என்றால் 17, 18 கிராம் போதும். ஒரு கைப்பிடி அதைவிடக் கூட. சமைத்த வெள்ளைச் சோறு 75 கிராம். கடிகாரம் சொன்ன 265ஐ நம்பித் திருப்பிச் சாப்பிட்டால், நடக்கும் ஒவ்வொரு நாளும் 160க்கு மேல் கூடச் சாப்பிட்டிருப்பீர்கள். செயலியில் உடற்பயிற்சிக் கலோரியை உணவில் சேர்க்கும் வசதியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஒன்றும் திருப்பிச் சாப்பிடாவிட்டாலும், கிழமைக்கு ஐந்து நாள் வீதம் நாலு கிழமை நடந்தால் சேர்வது 2,000 கலோரி அளவு. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 வேண்டும். ஆக மாதத்துக்குக் கால் கிலோ. உப்பும் தண்ணீரும் ஆட்டும் தராசில் அது தெரியவே தெரியாது. நிறை குறைய, சாப்பாட்டிலும் ஒரு பங்கு வர வேண்டும்: ஒரு தேத்தண்ணியைச் சீனியில்லாத வெறுந்தேத்தண்ணி ஆக்கி, இரவுச் சோற்றில் 100 கிராம் குறைத்தாலே நாளுக்கு 200க்கு மேல் வந்துவிடும். அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கும் சீனிக்கும் நடை செய்யும் நன்மை தராசில் நிறுக்க முடியாதது. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவு வேண்டும் என்கிறது. நீங்கள் அதை ஏற்கெனவே செய்கிறீர்கள், அது உண்மையிலேயே பெரிய விஷயம்.

இதை வாசிக்கும் வேறு சிலருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியில் இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டினோலோல், பிசோப்ரோலோல் போன்ற குளிசைகள் எழுதியிருந்தால், அவை துடிப்பைத் தாழ்த்திவைக்கும். கடிகாரத்தின் கலோரி குறைவாகவே வரும், துடிப்பு இத்தனைக்கு ஏற வேண்டும் என்று அது காட்டும் இலக்குகளும் உங்களுக்குப் பொருந்தாது. நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது கிளிக்லசைட் எடுப்பவர்களுக்கு நடக்கும்போதோ பிறகோ இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். வெறும் வயிற்றில் மெசினில் ஏறுமுன் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

நெஞ்சுப் பட்டி வேண்டாம். அது துடிப்பைக் கடிகாரத்தைவிடச் சரியாக அளக்கும். ஆனால் துடிப்பிலிருந்து கலோரிக்குப் போகும் ஊகமும் வெக்கையின் குழப்பமும் அப்படியே இருக்கும். அதற்குப் பதில் தையல்காரர் பாவிக்கும் அளவு நாடா ஒன்று எடுங்கள். கிழமையில் ஒரே நாள், விடிய, சாப்பிடுமுன் நிறையைப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு தரம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளவுங்கள். நம் தெற்காசியப் பெண்களுக்கு அந்த அளவு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்காமல், நாடா தோலில் பட்டும் அழுத்தாமலும் இருக்கட்டும்.