நான்கு நிமிட சைக்கிள் பயிற்சி போதுமா?

கேள்வி: எனக்கு வயது 44. வேளச்சேரியில் வசிக்கிறேன், அலுவலகம் பெருங்குடியில், வீட்டிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். அண்மையில் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரை) 6.1 என்றும், ரத்த அழுத்தம் 134/86 என்றும் வந்தன. மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. என் தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய கியர் சைக்கிள் இப்போது பால்கனியில் துண்டு உலர்த்தத்தான் பயன்படுகிறது. தினமும் நான்கே நிமிடம் விட்டுவிட்டு வேகமாக மிதித்தால் ஒரு மணி நேர நடைக்குச் சமம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அலுவலகம் போகும் வழியிலேயே இதைச் செய்துவிடலாமா? என் இதயம் தாங்குமா? காலையில் காபி மட்டும் குடித்துவிட்டுச் செய்யலாமா, டாக்டர்?

பதில்: நீங்கள் பார்த்த காணொளியின் மூலம் பெரும்பாலும் ஜப்பானைச் சேர்ந்த இசுமி தபாட்டாவும் அவரது குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்கும். 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்றுகள், ஆக மொத்தம் நான்கு நிமிடம் என்பது அதிலிருந்து பரவிய கணக்கு. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சியில் தேறியிருந்த கல்லூரி மாணவர்கள் என்பதையும், அவர்கள் மிதித்த வேகம் சாதாரண மனிதர் முதல் சுற்றுக்குப் பிறகு தொடர முடியாத அளவு கடுமையானது என்பதையும், அதற்கு முன்பாக உடலைச் சூடேற்ற அவர்கள் செலவிட்ட நேரம் அந்த நான்கு நிமிடத்தில் சேரவில்லை என்பதையும் காணொளிகள் சொல்வதில்லை. நாற்பத்து நான்கு வயதில், பல மாதங்களாக சைக்கிளைத் தொடாதவர் அதை அப்படியே பின்பற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்காக, இப்படி விட்டுவிட்டு வேகமாகச் செய்யும் இன்டர்வெல் பயிற்சியே உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆண்களில் ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறை, 45 நிமிடம் சீராக மிதித்தார்கள்; மற்றொரு பிரிவினர், 20 விநாடி முழு வேகத்தில் மூன்றே முறையும் இடையிடையே மெதுவாகவும் மிதித்து, பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ 19 சதவீதம் உயர்ந்திருந்தது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் தன்மையும் இரு பிரிவினருக்கும் மேம்பட்டிருந்தது. பங்கேற்றவர்கள் மிகச் சிலர்தான் என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை என்றாலும், நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இது நம்பிக்கை தரும் முடிவுதான்.

ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பதால், உங்களுக்கு இந்தப் பயிற்சி பயன்படும் விதத்தைச் சற்று விளக்குகிறேன். தொடைத் தசைகள் உடலின் மிகப் பெரிய தசைகளில் அடங்கும். சர்க்கரையை கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கும் பெரிய கிடங்கும் அவையே. வேகமாக மிதிக்கும்போது அந்தக் கிடங்கு விரைவாகக் காலியாகிறது. அப்போது தசைச் செல்களில் சர்க்கரையை உள்ளே விடும் கதவுகள் இன்சுலினின் உதவி இல்லாமலேயே திறந்துகொள்கின்றன. பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை தசைகள் இன்சுலினுக்கு எளிதில் இணங்குகின்றன. எனவே ஒரே நாளில் அதிகமாகச் செய்வதைவிட, செவ்வாய், வெள்ளி என்று நாள்களை இடைவெளி விட்டுப் பிரித்துக்கொள்வதே உங்களுக்கு நல்லது.

ஆனால் சைக்கிளில் ஏறும் முன்பாக ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருப்பதும், உங்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எல்லையை ஒட்டி இருப்பதும் சேர்ந்து, கடுமையான பயிற்சிக்கு முன் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டியவர்களின் வரிசையில் உங்களை நிறுத்துகின்றன. ஈசிஜி, கொழுப்பு அளவுகள், தேவைப்பட்டால் எக்கோ, டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றை அவர் முடிவு செய்வார். டிரெட்மில் பரிசோதனை இயல்பாக வந்துவிட்டால் அது வாழ்நாள் உத்தரவாதப் பத்திரம் ஆகிவிடாது. மிதிக்கும்போது நெஞ்சை அழுத்துவது போலவோ, தாடை, தோள், இடது கை ஆகியவற்றில் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ, கண் இருட்டிக்கொண்டு வருவதோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். “ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் வாயுதான்” என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருந்து, பொன்னான முதல் மணி நேரத்தைத் தொலைத்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இனி, அலுவலகம் போகும் வழியிலேயே செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கூடாது. உச்ச வேகத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருப்பவரின் கவனம் குறுகிவிடும். அந்த நேரத்தில் இடப்பக்கமாகச் சட்டென்று ஒதுங்கி ஆளை ஏற்றும் ஷேர் ஆட்டோவை அவரால் கவனிக்க முடியாது. மேலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் நாம், கடுமையாக உழைக்கும்போது 60 லிட்டருக்கும் மேல் இழுக்கிறோம். அதுவும் மூக்கின் வடிகட்டலைத் தவிர்த்து வாய் வழியாக. சிக்னலில் பேருந்தின் புகைக்குழாய்க்குப் பின்னால் அதைச் செய்வது நுரையீரலுக்கு நல்லதல்ல.

எனினும் அந்த வழியை வீணாக்க வேண்டாம். வாரம் மூன்று நாள் அலுவலகத்துக்கு சைக்கிளில் நிதானமாக, பக்கத்தில் ஒருவர் இருந்தால் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் சென்று திரும்புங்கள். ஒரு வழிக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 150 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மிதமான உடற்பயிற்சிக்குப் பரிந்துரைக்கப்பட்ட குறைந்தபட்ச அளவும் அதே 150 நிமிடம்தான். போக்குவரத்தில் எப்படியும் செலவாகப்போகும் நேரம் என்பதால், கூடுதலாக இழப்பது மிகச் சொற்பமே. தலைக்கவசமும், இரவில் திரும்புவதால் முன்னும் பின்னும் விளக்குகளும் கட்டாயம். இப்படி நான்கு முதல் ஆறு வாரம் போய்வந்த பிறகே இன்டர்வெல் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

அதற்கு ஏற்ற இடம் உங்கள் பால்கனிதான். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஓர் உருளையின் மீது அழுத்தி வைக்கும் டிரெய்னர் ஸ்டாண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரர்களின் பொறுமையை முன்னிட்டு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுவதும் நல்லது. மின்விசிறி ஒன்றை நேர் எதிரே வையுங்கள். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடல் குளிராது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். முதலில் 6 நிமிடம் மெதுவாக மிதித்து உடலைச் சூடேற்றுங்கள். பிறகு ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக என்று நான்கு சுற்றுகள். கடைசியில் 5 நிமிடம் தளர்வாக மிதித்து முடியுங்கள். மொத்தம் 23 நிமிடம். ஒரு மாதம் கழித்து, ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று ஆறு சுற்றுகளாக மாற்றிக்கொண்டால் அப்போதும் அதே 23 நிமிடம்தான் ஆகும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

வேகம் என்றால் எவ்வளவு என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உங்கள் வயதில் உச்ச நாடித்துடிப்பு தோராயமாக நிமிடத்துக்கு 177 (208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் வருவது), அதில் 85 சதவீதம் என்பது 150. ஆனால் மணிக்கட்டில் கட்டும் கைக்கடிகாரம் ஒரு நிமிட வேகத்தைக் காட்டுவதற்குள் அந்த நிமிடமே முடிந்துவிடும் என்பதால், நான் மூச்சையே அளவுகோலாகக் கொள்ளச் சொல்வேன். வேகச் சுற்றின் கடைசி விநாடிகளில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாவிட்டால் வேகம் சரி. ஒரு சொல்லும் வரவில்லை என்றால் அதிகம். கடைசிச் சுற்றையும் முதல் சுற்றின் வேகத்திலேயே மிதிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் முதல் சுற்றில் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

முழங்காலைக் காப்பாற்றுவது இருக்கையின் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். பெரிய கியரில் முக்கி முக்கி மிதிக்காமல், ஒரு முழங்கால் 15 விநாடியில் 20 முதல் 22 முறை மேலே வருமளவுக்குக் கியரை இலகுவாக்கிக்கொள்ளுங்கள்.

முடித்ததும் சட்டென்று இறங்கி நிற்கக் கூடாது. கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். முதல் நாளே எல்லை மீறி மிதித்தவர்களுக்கு, ஓரிரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போவது உண்டு. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இன்னொன்று, பயிற்சி முடிந்த கையோடு குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கலாம். அட்ரினலின் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுவதால் வரும் தற்காலிக உயர்வு அது. அதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பலனை அறிய மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள்.

காபியைப் பொறுத்தவரை, பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பாக, சர்க்கரை போடாமல் ஒரு டம்ளர் குடிப்பதில் தவறில்லை. வெறும் வயிற்றில் தலை சுற்றினால் பாதி வாழைப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கப் போகும் நாளில் மட்டும், காபியையும் பயிற்சியையும் பார்த்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.