கார்பன் பணத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கரும் கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கரும் நெல் போடுகிறேன். கார்பனைக் குறைத்துப் பயிரிட்டால் அரசு மானியம் வரும், ஏக்கருக்கு இவ்வளவு என்று பதிவுக் கட்டணம் கட்டினால் போதும் என்று ஒருவர் வந்து கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: அண்ணாச்சி, பணம் கொடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தவர் அரசு மானியத்தையும் கார்பன் வரவையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். இரண்டும் வேறு வேறு.

முதலில் கார்பன் வரவு. வயலில் நீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளிவிடுகின்றன. சேற்றில் கால் வைத்ததும் குமிழி கிளம்புகிறதே, அதில் மீத்தேன் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் இது வெகுவாகக் குறைகிறது. அப்படிக் குறைந்ததை அளந்து, ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமானதை ஒரு வரவாக நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். விற்ற பணத்தில் ஒரு பங்குதான் விவசாயிக்கு வரும்.

எவ்வளவு வரும்? நம் நாட்டு வயல்களுக்குப் பொதுவாகப் போடும் கணக்கின்படி, ஏக்கருக்கு ஒரு பூவில், அதாவது ஒரு போகத்தில், சுமார் அரை டன் மிச்சமாகலாம். உங்கள் இரண்டு ஏக்கர் கால்வாய் வயலில் கார், பிசானம் என்ற இரண்டு போகமும் சேர்ந்தால் ஆண்டுக்கு இரண்டு டன். சரிபார்ப்புச் செலவும் இடைநிலைப் பங்கும் போக மிஞ்சுவது சிறு தொகையே. அதற்கு முன்கூட்டியே கட்டணம் வாங்குவது நியாயமே இல்லை.

ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, விற்பனையில் உங்கள் பங்கு எவ்வளவு, சரிபார்ப்புச் செலவு யாருடையது, வரவைப் பதிந்து சான்று தரும் பதிவமைப்பு எது, மீத்தேன் குறைவை அளக்கும் கணக்கு முறை எது என்று எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வெர்ரா என்ற சர்வதேசப் பதிவமைப்பு, நெல் வயல் மீத்தேனுக்கான பழைய கணக்கு முறையை 2023-இல் கைவிட்டு, 2025-இல் புதியதை வெளியிட்டது. பழைய முறையைச் சொல்லி வருபவரிடம் எச்சரிக்கை வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிடும் நிலமென்றால், பணம் பட்டாதாரருக்கா, உழைக்கிறவருக்கா என்பதையும் எழுதி வாங்குங்கள். பிற்பாடு சண்டை வருவது இங்கேதான்.

கால்வாய் வயலில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல் வயலைத் தாண்டித்தான் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறது. நீங்கள் காயவிட நினைத்தாலும் பக்கத்து வரப்பு கசியும். ஒரே மடையில் பாயும் எல்லோரும் சேர்ந்து முறை வைத்தால்தான் அங்கே காய்ச்சலும் பாய்ச்சலும் நடக்கும். கிணற்று வயலில் மடை உங்கள் கையில். அங்கே தொடங்குங்கள்.

எப்போது நீர் கட்டுவது என்று பார்க்க ஒரு குழாய் போதும்; செலவு மிகக் குறைவு. ஒரு சாண் அகலத்துக்குள் இருக்கும் பிவிசி குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அடிப்பக்கம் 20 செ.மீ. வரை சிறு துளைகள் போட்டு, அந்தப் பகுதியை வரப்போரம் மண்ணில் இறக்குங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டுங்கள். பூக்கும் தருணத்தில் மட்டும், முன்னும் பின்னும் ஒரு வாரம், வயல் காயக் கூடாது. யூரியாவை நீர் கட்டுவதற்குச் சற்று முன் இடுங்கள். பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழுததும் நீரைத் தேக்கினால் மீத்தேன் கூடும். மட்க நேரம் கொடுங்கள்.

இனி அரசு மானியம். இதற்குக் கார்பன் என்ற பெயர் இல்லாவிட்டாலும், கையில் உறுதியாகக் கிடைப்பது இதுதான். கிணற்றில் டீசல் என்ஜின் ஓடுகிறதென்றால், பிஎம் குசும் திட்டத்தில் சூரியசக்தி பம்ப்செட்டுக்கு மத்திய, மாநில அரசுகள் தலா 30 சதவீதம் தருகின்றன; வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகுங்கள். கிணற்று வயலில் பாதியை வாழைக்கு விட்டால், சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயிச் சான்றும் சிட்டாவும் அடங்கலும் எடுத்துவையுங்கள். உழவன் செயலியிலோ வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்களிலோ பதியலாம். இடையில் யாருக்கும் கட்டணம் தர வேண்டியதில்லை.

கார்பன் திட்டத்தில் பிற்பாடு சேரும் எண்ணம் இருந்தால், குழாய் இறக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. இப்போது எந்தத் தேதியில் நீர் கட்டுகிறீர்கள், எத்தனை நாள் தேங்குகிறது, என்ன உரம் இடுகிறீர்கள் என்று ஒரு பூ முழுவதும் நோட்டில் எழுதுங்கள். ஏற்கெனவே செய்துவரும் நல்ல பழக்கத்துக்கு இந்தச் சந்தை பணம் தராது. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வித்தியாசத்துக்கே தரும். அந்த வித்தியாசத்தை உங்கள் பக்கம் நின்று காட்ட அந்த நோட்டு வேண்டும்.