லேசர் லெவலா, டியூப் மட்டமா?

கேள்வி: மாடி கட்டுகிறோம். லேசர் லெவல் வாங்கலாம் என்கிறான் மகன். மட்டம் பார்க்கத் தண்ணீர் டியூபும், சுவரின் செங்குத்துப் பார்க்க நூலில் தொங்கும் தூக்குக்குண்டும் போதும் என்கிறார் மேஸ்திரி. யார் சொல்வது சரி?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: செங்கல் வேலைக்கு மேஸ்திரி சொல்வதே சரி. சென்னை வெயிலில் சாதாரண லேசரின் கோடு கண்ணுக்கே தெரியாது. உள்ளே டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் வேலை வரும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அதை அடிக்க வேறு கருவி இல்லை.

டியூபில்தான் கவனம் வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். ஒரு முனையை உயர்த்திப் பிடித்து, மறுமுனை வழியே தண்ணீர் குமிழியில்லாமல் வழியும்வரை நிரப்புங்கள். பிறகு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். குறி போடும்போது இரு முனையும் திறந்தே இருக்கட்டும். கட்டை விரலால் மூடியபடி குறித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ரசமட்டம் (ஸ்பிரிட் லெவல்) சரியா என்று சோதிக்க, அதைச் சுவரில் வைத்துக் குமிழியைப் பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் அந்த மட்டம் வேண்டாம்.

தூக்குக்குண்டைக் காலையிலேயே பிடித்துவிடுங்கள். மதியம் கடல்காற்று கிளம்பினால் குண்டு ஆடும். நிற்கவில்லையென்றால் வாளித் தண்ணீரில் முக்கிப் பிடிக்கலாம். நீளச் சுவரில் கல் வரிசைக்காகக் குறுக்கே கட்டும் நூல் நடுவே தொய்யும். மட்டம் பார்த்த ஒரு கல்லை நடுவில் வைத்துத் தாங்கக் கொடுங்கள்.